இல்லத்து வழிப்படுத்தியும் அதன் வாயில்களும்

இல்வாய் என்பது முன்பின்னாக மாறி வாயில் என நின்றதனை இலக்கணப் போலி என்பர் நூலோர். இல்லத்தின் வாய் எதுவோ அதுவே வாயில். இச்சொல்லுக்குப் பண்டை அகத்திணை இலக்கணத்திற் பிறிதொரு பொருளும் உண்டு. தலைவனுக்கும் தலைவிக்கும் இடைநின்று ஒருவர் கருத்தை மற்றவர்க்கு எடுத்துரைக்கும் தோழி, பாணன், கூத்தர், விறலியர் முதலியோரைத் தொல்காப்பியர் வாயில்கள் என்றே குறித்தார். உள்ளும் புறமும் சந்திக்கும் இடம் ஒன்று; இருவரிடையே செய்தியைக் கொண்டு செல்லும் ஆள் மற்றொன்று. இவ்விரண்டினையும் ஒரு சொல்லால் வழங்கிய தமிழ்மரபு, இற்றைநாட் கணினியியலார் 'இன்ரபேஸ்' என்று கூறும் கருத்துக்கு மிக அணித்தாய் நிற்கின்றது. இலங்கைப் பாடநூல்கள் அதனை இடைமுகம் என வழங்கும். இக்கட்டுரையில் இடைமுகம், வாயில் என்னும் இரு சொற்களும் அப்பொருளிலேயே ஆளப்படுகின்றன.

கொழும்பு நகரத்து வீடுகள் மிகப் பலவற்றில் இன்று ஒரு சிறு பெட்டி இருக்கின்றது. சிலவற்றில் அது சுவரில் மாட்டப்பட்டிருக்கும். சிலவற்றிற் புத்தக அலுமாரியின் மேலே தூசி படிந்து கிடக்கும். 'ரவுட்டர்' எனப் பொதுமக்களும், வழிப்படுத்தி எனப் பாடநூலாரும் அதனைக் கூறுவர். அதிற் பச்சை விளக்கு எரிந்தால் இணையம் உண்டு, சிவப்பு விளக்கு எரிந்தால் இல்லை என்னும் அளவோடு அதனைப் பற்றிய பொது அறிவு நின்றுவிடுகின்றது. அப்பெட்டியோடு எவ்வெக் கருவிகள் தொடர்புற்றுள்ளன, அவை எவ்வாயில் வழியே வந்தன, அவற்றை எவ்வாறு இனங்காண்பது என்பவற்றை அறிந்தோர் சிலரே. இவ்வறியாமையால் விளையும் தீமை இயந்திரத்தைச் சார்ந்ததன்று. அயலார் உறவும் ஒரு பிள்ளையின் நற்பெயரும் சிலவேளை இதனைப் பற்றி நிற்றலுண்டு.

மருதானைச் சந்தி

வழிப்படுத்தியின் தன்மையை விளக்குவதற்குக் கொழும்பிலே மருதானைப் புகையிரத நிலையத்தினும் சிறந்த உவமை கிடைத்தல் அரிது. கோட்டை, கொம்பனித்தெரு, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை வழியாகத் தெற்கே செல்லும் கரையோரப் பாதையும், தெமட்டகொட, களனி, ராகமை வழியாக மலைநாட்டையும் வடக்கையும் நோக்கிச் செல்லும் பிரதான பாதையும், நாரஹேன்பிட்டி வழியாக அவிசாவளையை நோக்கிச் செல்லும் களனிவெளிப் பாதையும் அங்குக் கூடுகின்றன. வெள்ளவத்தையில் ஏறி ராகமைக்குச் செல்லும் ஒருவர் மருதானையைக் கடந்தே ஆதல் வேண்டும். நிலையம் பயணிகளை ஆக்குவதுமில்லை, அழிப்பதுமில்லை. எவ்வண்டி எம்மேடைக்கு வரவேண்டும், எப்பாதையிற் புறப்பட வேண்டும் என்பதனை மட்டுமே முறைப்படுத்துகின்றது. வழிப்படுத்தியும் அத்தகையதே. அதன் மேடைகளே இடைமுகங்கள். அங்கு வந்து புறப்படும் வண்டிகளே பொதிகள் எனப்படும் செய்தித் துண்டங்கள்.

மருதானைக்கு இப்பொருளோடு உவமைத் தொடர்பு மட்டுமன்றி வரலாற்றுத் தொடர்பும் உண்டு. 1893 ஆம் ஆண்டில் அரசாங்கத் தொழில்நுட்பப் பாடசாலை தொடங்கப்பெற்றது மருதானையிலேயாம். அம்மரபின் ஒரு கிளை 1960 இற் கட்டுபெத்தையிலே செயன்முறைத் தொழில்நுட்ப நிறுவனமாகவும், 1966 இல் இலங்கைத் தொழில்நுட்பவியற் கல்லூரியாகவும், 1978 இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. அப்பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று நடத்திய முயற்சியால் 1990 இல் 'லேர்ன்மெயில்' என்னும் மின்னஞ்சற் சேவை இலங்கைப் பல்கலைக்கழகத்தார்க்குக் கிட்டியது. இன்றைய இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் தோற்றுவாய் அதுவே.

உலக வரலாற்றிலும் இடைமுகம் என்னும் சொல் வழிப்படுத்தியின் பிறப்போடு கூடியே வருகின்றது. 1969 இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட 'ஆர்ப்பாநெற்' வலையமைப்பின் முதற்பொறிக்கு 'இடைமுகச் செய்திச் செயலி' என்பதே பெயர். பெருங்கணினிகள் தம்முள் நேரே பேசாமல், இடையே நிற்கும் ஒரு சிறு கணினி வழியாகப் பேசுதல் வேண்டும் என்பதே அதன் அடிப்படைக் கருத்து. உள்ளங்கையளவான இன்றைய பெட்டி, ஆளுயரமான அப்பொறியின் வழித்தோன்றல்.

ஒரு பட்டியலும் ஓர் ஐயமும்

விளக்கத்தின் பொருட்டு மருதானையிலே மாடிக்குடியிருப்பொன்றில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனையிற் கொள்ளலாம். தந்தை, தாய், அம்மம்மா, பல்கலைக்கழகத்திற் பயிலும் மகன், உயர்தர வகுப்பிற் பயிலும் மகள் என ஐவர் அங்குள்ளனர். பரீட்சை அண்மித்த காலத்திலே இணையம் தளர்ந்து நடக்கின்றது. மாதத்துக்கென அளிக்கப்பட்ட தரவளவும் மூன்றாங் கிழமைக்கு முன்னரே தீர்ந்துவிடுகின்றது. தந்தை வழிப்படுத்தியின் பக்கத்தைத் திறந்து, 'இணைக்கப்பட்டுள்ள கருவிகள்' என்னும் பட்டியலைப் பார்க்கின்றார். அதிற் பதினான்கு பெயர்கள் உள. வீட்டிலே அவர் எண்ணிய கருவிகளோ கைத்தொலைபேசி நான்கு, மடிக்கணினி ஒன்று, தொலைக்காட்சி ஒன்று, அச்சுப்பொறி ஒன்று ஆக ஏழு. எஞ்சிய ஏழும் யாருடையவை? அவர் உள்ளம் உடனே அடுத்த வீட்டுச் சிறுவனிடம் செல்கின்றது. அவன் மாலை வேளைகளிலே பொது நடையில், இவ்வீட்டுக் கதவருகே, ஒரு பலகைக்கணினியுடன் அமர்ந்திருத்தலை அவர் கண்டிருக்கின்றார்.

இத்தகைய ஐயம் மருதானைக்கு மட்டும் உரியதன்று. வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையின் நெருங்கிய தெருக்களிலும் ஒரு சுவருக்கு இருபுறமும் இரு குடும்பங்கள் வாழ்கின்றன. சுவர் பார்வையை மறைக்கும்; வானொலி அலையை முற்றும் மறைக்காது. ஆதலின் ஒரு வீட்டு வலையமைப்பு அடுத்த வீட்டின் கூடத்திலும் கிடைக்கின்றது. இங்ஙனமாகவே ஐயம் பிறப்பது எளிது; அதனைத் தீர்ப்பதற்கு அறிவு வேண்டும்.

பட்டியல் எண்ணுவது எதனை?

முதலில் தெளிய வேண்டியது யாதெனில், அப்பட்டியல் மனிதரை எண்ணுவதன்று, கண்டிப்பாக நோக்கின் கருவிகளை எண்ணுவதுமன்று, இடைமுகங்களையே எண்ணுகின்றது. ஒரு வீட்டுக்குத் தலைவாயில், புழைக்கடை வாயில் என இரண்டு இருத்தல் போல, ஒரு கருவிக்கும் பல வாயில்கள் இருத்தல் கூடும். மடிக்கணினிக்குக் கம்பி செருகும் துளை ஒன்றும், கம்பியின்றி வானொலி அலையாற் பேசும் பகுதி ஒன்றும் உண்டு. இரண்டும் வெவ்வேறு இடைமுகங்கள். இரண்டுக்கும் வெவ்வேறு முகவரிகள். இரண்டு வழியாலும் இணைந்த ஒரே மடிக்கணினி பட்டியலில் இருவராய்த் தோன்றும். ஒருவரே இரு வாயிலால் வந்தமையை இருவர் வந்ததாகக் கொள்ளுதல் இத்துறையிற் பெரிதும் நிகழும் பிழை.

வழிப்படுத்தியின் சொந்த வாயில்களையும் அறிதல் வேண்டும். பொதுவாக ஓர் இல்லத்து வழிப்படுத்தியில் ஐவகை வாயில்கள் காணப்படும்.

முதலாவது புறவாயில். ஒளியிழையோ, செப்புக் கம்பியோ, நான்காந் தலைமுறை வானொலி அலையோ எதன் வழியாகச் சேவை வந்தாலும் அது புகும் இடம் இதுவே. இதன்மேற் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு அமைக்கப்படும் கட்புலனாகாத வாயில் ஒன்று சில வீடுகளில் உண்டு. அது 'பிபிபி0' போன்ற பெயருடன் பட்டியலிலே தோன்றும்.

இரண்டாவது அகத்தே கம்பி செருகும் துளைகள். பெரும்பாலும் இவை நான்கு. உள்ளே ஓர் ஆளி இவற்றைத் தம்முள் இணைக்கின்றது.

மூன்றாவது வானொலி வாயில்கள். இக்காலப் பெட்டிகளில் இவை இரண்டாயிருத்தல் பெரும்பான்மை: ஒன்று 2.4 கிகாஹேட்ஸ் அலைக்கு, மற்றொன்று 5 கிகாஹேட்ஸ் அலைக்கு. முன்னதன் அலைநீளம் ஏறக்குறைய 12.5 சென்ரிமீற்றர், பின்னதனது ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர். முன்னது சுவர்களை ஊடுருவித் தூரம் செல்லும். பின்னது விரைவுடையதாயினும் சுவரில் விரைவாகத் தேயும். 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்னும் மூன்றே. ஒரு மாடிக்குடியிருப்பிலே பத்து வீட்டார் இம்மூன்று தடங்களைப் பங்கிட்டுக்கொள்ளுங்கால், எவரும் எவரிடமும் களவாடாமலே எல்லார்க்கும் இணையம் தளர்தல் கூடும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நான்காவது பாலம். கம்பித் துளைகளையும் வானொலி வாயில்களையும் ஒரே வலையமைப்பாகப் பிணைக்கும் கற்பனை வாயில் இது. 'பிஆர்0' எனச் சில பெட்டிகள் இதனைக் காட்டும். 192.168.1.1 போன்ற வழிப்படுத்தியின் உள்முகவரி உண்மையில் இப்பாலத்துக்கே உரியது.

ஐந்தாவது மீள்சுற்று வாயில். 127.0.0.1 என்னும் முகவரியுடைய இதன் வழி அனுப்பிய செய்தி எங்கும் செல்லாது, அனுப்பியவிடத்துக்கே மீளும். இயந்திரம் தன்னொடு தான் பேசுதற்கு அமைந்தது இது.

இப்பெயர்களை வழிப்படுத்தியின் பக்கத்திற் கண்டு, அயலான் ஒருவன் புகுந்துவிட்டான் என அஞ்சுவோர் உளர். வீட்டின் கதவையும் தாழ்ப்பாளையும் கண்டு கள்வர் என அலறுதல் போன்றது அது.

மூவகைப் பெயர்

இனிப் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் காணப்படும் மூவகைப் பெயர்களை நோக்குதல் வேண்டும். ஒரு மனிதருக்குப் பிறப்புச் சான்றிதழிற் பதிந்த பெயர் ஒன்று, குடியிருக்கும் வீட்டின் இலக்கம் ஒன்று, பிறர் அழைக்கும் பெயர் ஒன்று என மூன்று இருத்தல் போல, ஒவ்வோர் இடைமுகத்துக்கும் மூன்று உண்டு.

பிறப்புப் பெயர் போன்றது வன்பொருள் முகவரி. இது 48 துவித இலக்கங்களால் ஆயது. பதினறும எண்முறையிற் பன்னிரண்டு எழுத்துகளாக எழுதப்படும். இதன் முற்பாதியை 'ஐ.ஈ.ஈ.ஈ.' என்னும் பொறியியலாளர் கழகம் உற்பத்தியாளர்க்கு வழங்குகின்றது. பிற்பாதியை உற்பத்தியாளர் தாமே இடுகின்றனர். ஆதலின் முற்பாதியைக் கண்டு செய்தவர் யார் எனக் கூறல் இயலும். ஆயின் அப்பெயர் பெட்டியின்மேல் அச்சிட்ட வணிகப் பெயராயிராமல், உள்ளேயுள்ள சில்லைச் செய்தவரின் பெயராயிருத்தல் உண்டு. இணையத்தோடு இணையும் மின்குமிழ் ஒன்றை வாங்கியவர் தம் பட்டியலிற் சீனத்து ஷாங்காய் நகரத்து எஸ்பிரசிஃப் நிறுவனத்தின் பெயரைக் கண்டு திகைத்தல் இதனாலேயாம்.

வீட்டிலக்கம் போன்றது இணைய நெறிமுறை முகவரி. 1981 இல் வகுக்கப்பட்ட நான்காம் பதிப்பின்படி இது 32 துவித இலக்கங்களால் ஆயது. ஆதலின் உலகம் முழுவதற்கும் கிடைக்கும் முகவரிகள் ஏறக்குறைய 430 கோடியே. அவை போதா எனக் கண்ட அறிஞர், வீடுகளும் நிறுவனங்களும் தத்தம் உள்ளே வழங்கிக்கொள்வதற்கெனச் சில தொகுதிகளை 1990 களில் ஒதுக்கினர். 192.168 எனத் தொடங்கும் தொகுதி அவற்றுள் ஒன்று. மருதானையில் ஒரு வீட்டுத் தொலைபேசிக்கும் வெள்ளவத்தையில் இன்னொரு வீட்டுத் தொலைபேசிக்கும் 192.168.1.5 என்னும் ஒரே முகவரி இருத்தல் இதனால் இயல்பாயிற்று. ஒவ்வோர் ஒழுங்கையிலும் ஐந்தாம் இலக்க வீடு இருத்தல் போன்றது அது.

இம்முகவரியை வழங்குவது வழிப்படுத்தியே. புதிதாய் வந்த கருவி, தனக்கு ஒரு முகவரி வேண்டும் என உரக்கக் கேட்கும். வழிப்படுத்தி தன்னிடமுள்ள வெற்றிடங்களுள் ஒன்றை அளிக்கும். கொடை நிலையானதன்று, குத்தகையே. பல வழிப்படுத்திகளில் அதன் காலம் 24 மணித்தியாலம். குத்தகை முடியும்வரை, கருவி வீட்டை விட்டுச் சென்ற பின்னரும் அதன் பெயர் ஏட்டிலிருந்து நீங்காமை உண்டு. சத்திரத்து ஏட்டிலே பெயர் இருத்தல் அறையில் ஆள் இருத்தலாகாது.

அழைக்கும் பெயர் போன்றது கருவி தனக்குத்தான் கூறிக்கொள்ளும் பெயர். இது சான்றாகக் கொள்ளத்தக்கதன்று. உரிமையாளர் விரும்பியவாறு மாற்றலாம். சில கருவிகள் பெயரே கூறா. அவற்றை வழிப்படுத்தி 'அறியப்படாதது' எனக் காட்டும். அறியப்படாதது என்பது பெயர் கூறாதது என்றே பொருள்படும். அயலவனுடையது என்று பொருள்படாது.

வன்பொருள் முகவரியும் இக்காலத்து முழுச் சான்றன்று. கைத்தொலைபேசி செல்லுமிடமெல்லாம் ஒரே முகவரியைப் பறைசாற்றின், அதனைக் கொண்டு ஒருவரின் நடமாட்டத்தைப் பின்தொடரலாம். இதனைத் தடுக்க 2019 இல் வெளிவந்த அண்ட்ரொயிட் பத்தாம் பதிப்பும், 2020 இல் வெளிவந்த ஐஓஎஸ் பதினான்காம் பதிப்பும் ஒவ்வொரு வலையமைப்புக்கும் ஒவ்வொரு புனைமுகவரியைத் தாமே இடுவதனை இயல்பு முறையாக்கின. புனைமுகவரியை அறிய எளிய வழி ஒன்று உண்டு: பன்னிரண்டு எழுத்துகளுள் இரண்டாவது 2, 6, ஏ, ஈ என்னும் நான்கனுள் ஒன்றாயின், அது உற்பத்தியாளர் இட்டதன்று, உள்ளூரில் இடப்பட்டது என அறியலாம்.

புறத்தார்க்கு ஒரு முகம்

அகத்தே பதினான்கு வாயில்கள் இருப்பினும் புறத்தே தோன்றுவது ஒரு முகமே. உள்ளிருந்து செல்லும் ஒவ்வொரு பொதியிலும் உள்முகவரியை நீக்கித் தன் புறமுகவரியை எழுதி அனுப்புவதும், மறுமொழி மீளுங்கால் யாருக்குரியது என ஏட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்ப்பதும் வழிப்படுத்தியின் தொழில். முகவரிப் பெயர்ப்பு எனப்படும் இம்முறை 1994 இல் விளக்கப்பட்டது. பெரிய விடுதியொன்றின் எழுதுவினைஞர், மாணவர் எல்லாருடைய கடிதங்களையும் விடுதி முகவரியிட்டு அனுப்பி, மறுமொழிகளை அறைவாரியாகப் பகிர்ந்தளித்தலை இது ஒக்கும்.

இதிலிருந்து ஒரு முதன்மையான விளைவு பிறக்கின்றது. உள்ளிருந்து ஒருவர் செய்யும் நற்செயலும் தீச்செயலும் புறத்தார்க்கு அவ்வீட்டின் செயலாகவே தோன்றும். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியின்றிப் பிறர் கணினியை அணுகுதலைக் குற்றமாக்கியது. அத்தகைய செயல் ஒரு வீட்டின் வழிப்படுத்தி வழியே நிகழின், விசாரணை முதலில் வந்து நிற்கும் இடம் அவ்வீட்டின் வாயிலே. ஆதலின் தன் வாயில் வழியே யார் செல்கின்றார் என அறிதல் இல்லத்தார்க்கு உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.

பட்டியலைப் படித்தல்

மேற்கூறிய அறிவோடு மருதானைக் குடும்பத்தின் பட்டியலுக்கு மீளலாம். ஆராய்ச்சியை ஐயத்திலிருந்து தொடங்குதல் கூடாது. அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லுதலே முறை. மகன் முதலில் வீட்டார் நால்வரின் தொலைபேசி அமைப்புகளைத் திறந்து, ஒவ்வொன்றும் தற்பொழுது வழங்கும் வன்பொருள் முகவரியைத் தாளில் எழுதுகின்றான். மடிக்கணினி, தொலைக்காட்சி, அச்சுப்பொறி ஆகியவற்றையும் அவ்வாறே எழுதிப் பட்டியலோடு ஒப்பிட்டு ஏழு வரிகளைக் கழிக்கின்றான். எஞ்சியவை ஏழு.

அவற்றுள் இரண்டு கம்பி வழியே இணைந்தவை. கம்பி அலையைப் போற் சுவர் கடவாது. ஆதலின் அவை வீட்டுக்குள்ளேயே இருத்தல் வேண்டும். ஒரு கம்பியைக் கழற்ற ஒரு வரி மறைகின்றது: அது மடிக்கணினியின் இரண்டாம் வாயில். மற்றையதைக் கழற்றத் தொலைக்காட்சியின் கீழிருந்த ஏற்பிப் பெட்டி நின்றுவிடுகின்றது. எஞ்சியவை ஐந்து.

மூன்றாம் வரி எப்பொழுதும் ஒரே வலிமையுடன் இணைந்திருப்பது. பின்னறையில் அலையை நீட்டிப்பதற்கென வைத்த சிறு கருவியின் மின்னைத் துண்டிக்க அது மறைகின்றது. இத்தகைய நீட்டிக்கருவிகளுட் சில, தம்மைச் சார்ந்த கருவிகளின் வன்பொருள் முகவரியை மறைத்துத் தமதனையே காட்டும் இயல்புடையன. அவ்வீடுகளிற் கூடுதற் கவனம் வேண்டும். நான்காம் வரி தலைவாயிலின் மேலுள்ள கமரா. கள்வரைக் காண்பதற்கு மாட்டிய கமராவே கள்வர் வரிசையில் எண்ணப்பட்டது வியப்பன்று; பயன்பாட்டில் மறைந்து நிற்கும் கருவிகளே முதலில் மறக்கப்படுகின்றன. ஐந்தாம் வரியில் முகவரியின் இரண்டாம் எழுத்து 'ஏ'. தாயின் தொலைபேசி முன்னாள் அமைப்பு மாற்றியபொழுது பழைய புனைமுகவரியை விட்டுப் புதியதைப் பூண்டது. பழையதன் குத்தகை இன்னும் தீரவில்லை. ஆறாம் வரி முதல்நாட் காலையில் யாழ்தேவியிற் புறப்பட்டுச் சென்ற மாமாவின் தொலைபேசி. அவர் ஊர் சேர்ந்துவிட்டார், அவர் பெயர் ஏட்டிலே தங்கிவிட்டது.

எஞ்சியது ஒன்று. அது அடுத்த வீட்டுச் சிறுவனின் பலகைக்கணினியே. ஆயின் இவ்விடத்திலேதான் பட்டியலின் எல்லை வெளிப்படுகின்றது. யார் வந்தார் என்பதனை அது கூறும். யாருடைய அனுமதியோடு வந்தார் என்பதனைக் கூறாது. விசாரித்தபொழுது உண்மை தெரிகின்றது: 2020 இற் கொரோனாத் தொற்றாற் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் இணைய வழியே நடந்த காலத்தில், அச்சிறுவனின் வீட்டில் இணையம் இல்லாமையைக் கண்டு அம்மம்மாவே அவனுக்குக் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தார். அவன் கதவருகே அமர்ந்தது ஒளிந்தன்று. அலை அங்கேயே நன்கு கிடைத்தமையாலேயாம்.

தளர்ச்சியின் காரணமோ வேறிடத்தில் இருந்தது. பல வழிப்படுத்திகள் ஒவ்வோர் இடைமுகத்தின் வழியும் சென்ற தரவளவையும் காட்டும். அக்கணக்கிற் சிறுவனின் பங்கு மிகச் சிறிது. கமராவோ இரவும் பகலும் காணொளியை வெளிநாட்டுச் சேமிப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. வினாடிக்குப் பத்து இலட்சம் துவித இலக்கங்கள் என்னும் அளவில் இடைவிடாது ஏற்றும் கமரா, ஒரு நாளில் 10.8 கிகாபைற்றும் முப்பது நாளில் 324 கிகாபைற்றும் செலவழிக்கும். ஏற்றமும் இறக்கமும் சேர்த்துக் கணக்கிடப்படும் சேவையாயின், தரவளவு மூன்றாங் கிழமைக்குள் தீர்ந்ததில் வியப்பில்லை. அசைவு நிகழுங்கால் மட்டும் பதியுமாறு அதன் அமைப்பை மாற்றியதே மருந்தாயிற்று. கணக்கைப் பாராது கதவைத் தட்டியிருப்பின், ஒரு பிள்ளை கள்வன் எனப் பெயர் பெற்றிருப்பான். இணையமோ முன்போலவே தளர்ந்திருக்கும்.

காவல்

எல்லா ஐயங்களும் இவ்வாறு தீருவனவல்ல. உரியவரைக் காணமுடியாத வரி ஒன்று உண்மையாகவே எஞ்சின், செய்யத்தக்கது யாது? கடவுச்சொல்லை மாற்றுதலே முதலும் முடிவுமான செயல். மாற்றியபின் வீட்டார் கருவிகளை ஒவ்வொன்றாக மீள இணைக்க வேண்டும். அதுவே ஒரு புதிய, தெளிந்த கணக்கெடுப்பாகவும் அமையும். மறையாக்க முறை 2004 இல் வந்த 'டபிள்யூபிஏ2' ஆகவோ 2018 இல் வந்த 'டபிள்யூபிஏ3' ஆகவோ இருத்தல் வேண்டும். பொத்தானாலோ எட்டிலக்க எண்ணாலோ எளிதில் இணைக்கும் 'டபிள்யூபிஎஸ்' முறையில் எண் வழியை மூடிவைத்தல் நன்று. அவ்வெட்டிலக்கம் முதல் நான்கு, அடுத்த மூன்று எனத் தனித்தனியே சரிபார்க்கப்படுவதால், பத்துக் கோடி முயற்சிக்குப் பதிலாகப் பதினோராயிரம் முயற்சியிற் கண்டுபிடிக்கத்தக்கது என 2011 இல் நிறுவப்பட்டது. எட்டாவது இலக்கம் முன்னையவற்றிலிருந்து கணிக்கப்படுவது.

குறித்த வன்பொருள் முகவரிகளை மட்டும் அனுமதித்தல் போதிய காவல் எனக் கருதுவோர் உளர். மறையாக்கம் செய்யப்பட்ட வலையமைப்பிலும் அம்முகவரிகள் மறைக்கப்படாமலே வானிற் செல்கின்றன. கேட்டவர் அவற்றைப் புனைந்துகொள்ளலாம். ஆதலின் அது வேலியாகாது, கோடு மட்டுமே.

வழிப்படுத்தியின் நிருவாகக் கடவுச்சொல் வேறு, வலையமைப்பில் இணையும் கடவுச்சொல் வேறு. முன்னதைத் தொழிற்சாலையில் இட்டவாறே விட்டுவைப்போர் பலர். 2016 இல் 'மிராய்' என்னும் தீநிரல் அறுபதளவான அத்தகைய பெயர், கடவுச்சொற் சோடிகளைக் கொண்டே உலகெங்குமுள்ள கமராக்களையும் வழிப்படுத்திகளையும் பெருந்தொகையாகக் கைப்பற்றியது. அவ்வாண்டு ஒக்ரோபர் 21 ஆந் தேதி அப்படையின் தாக்குதலால் அமெரிக்காவிற் பல பெருந்தளங்கள் மணிக்கணக்கிற் கிடையாமற் போயின. தம் வீட்டுக் கமரா அத்தாக்குதலிற் பங்குகொண்டதனை அவ்வீட்டார் அறிந்திலர். பிரித்தானியா 2022 இற் சட்டம் இயற்றி, 2024 ஏப்பிரில் 29 முதல் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான கடவுச்சொல்லோடு விற்பதனைத் தடுத்தது. இலங்கையில் இத்தகைய ஐயங்களுக்கு அறிவுரை கூற, 2006 இல் நிறுவப்பட்ட கணினி அவசர நிலைப் பதிற்செயற் குழு உளது.

ஈதல் விரும்புவோர்க்கு வேறொரு வழியும் உண்டு. பெரும்பாலான வழிப்படுத்திகளில் விருந்தினர் வலையமைப்பு என்னும் தனி வாயில் அமைந்துள்ளது. அதன் வழி வருவோர் இணையத்தை அடைவர். வீட்டாரின் கணினியையும் அச்சுப்பொறியையும் அடையார். அதற்கு வேறு கடவுச்சொல்லும், வேண்டின் விரைவெல்லையும் இடலாம். மருதானை வீட்டார் முடிவிற் செய்ததும் அதுவே. சிறுவனுக்கு விருந்தினர் வாயில் திறக்கப்பட்டது. கமராவும் தொலைக்காட்சியும்கூட அவ்வாயிலுக்கே மாற்றப்பட்டன. நம்பத்தகாதவை அயலாரல்லர், சில பொருள்களே என்பதனைக் குடும்பம் கற்றுக்கொண்டது.

மாணவர் இக்கலையைத் தம் வீட்டிலேயே பயிலலாம். ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு, தம் வீட்டுக் கருவிகளையும் அவற்றின் வாயில்களையும் வரைந்து, பட்டியலோடு ஒப்பிடுதல் ஒரு மாலைப்பொழுதின் வேலை. அறியாதது ஒன்று எஞ்சும்போது, அதனைக் குற்றம் எனக் கொள்ளாது வினாவாகக் கொள்ளுதலே அறிவியல் தரும் பயிற்சி. தொல்காப்பியர் வாயில்கள் பன்னிரண்டனுள் விருந்தினரையும் ஒருவராக வைத்தார். வாயிலைக் காக்கத் தெரிந்த இல்லத்தார்க்கே அதனை அச்சமின்றித் திறக்கவும் தெரியும்.